அடியில் ஓர் ஓட்டை

வீட்டுக்குப் பின்னால் இரண்டு மரக்கட்டைகள் மேல் ஒரு பழைய ஃபைபர் படகு உட்கார்ந்திருந்தது. அதை வாங்கி வந்த மரியதாஸுக்குப் படகு வைத்துப் பழக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் விரிசல்களைத் தேய்த்து, ஃபைபர் துணி ஒட்டி, ரெசின் பசை பூசினார். படகுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரே ஒரு குறை: பின்பக்கம் அடியில், விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை.

“இதை மட்டும் விட்டுவச்சிருக்காரே, மானமே போகுது” என்றது படகு.

டப்பாவில் கிடந்த ரப்பர் தக்கை பதறியது. “அண்ணே, அது பழுதில்ல, வேணும்னே வச்ச ஓட்டை. கடலுக்குப் போறப்ப நான் அடைச்சுக்குவேன். கரைக்கு வந்ததும் என்னைக் கழற்றிடுவாங்க.”

“ஓட்டையக் காட்டிக்கிட்டு நிக்கச் சொல்றியா? உனக்கு வேலை போயிடுமேன்னு பயம்!”

அந்த ஞாயிறு மரியதாஸ் அதையும் விரிசலோடு விரிசலாக அடைத்து, மேலே நீலப் பெயிண்ட் அடித்தார். படகு பளபளத்தது.

செவ்வாய்க்கிழமை பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. உள்ளே விழுந்த தண்ணீர் உள்ளேயே நின்றது. முதலில் ஒரு தவளை குடியேறியது. பிறகு இருக்கைப் பலகை மூழ்கியது. பாரம் தாங்காமல் கீழே ஒரு மரக்கட்டை நறநறத்தது.

“தம்பி, வயிறு வெடிச்சிரும்போல இருக்கு. இந்தத் தண்ணிய எப்படியாவது வெளியே விடுடா!” என்று கெஞ்சியது படகு.

“எனக்கு அடைக்கத்தாண்ணே தெரியும்” என்றது தக்கை. “வெளியே விட்டுக்கிட்டு இருந்தது அந்த ஓட்டைதான்.”