பொருந்திய சாவி

காருக்குள் குழந்தையும் சாவியும். வெளியே சாவிக்காரர்.

குழந்தையை முன்சீட்டில் உட்கார வைத்து, சாவியைப் பக்கத்தில் போட்டுவிட்டு, காய்கறிப் பையை எடுக்கத் திரும்பினார். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. ஒன்றரை வயதுப் பிள்ளை பூட்டுக் குமிழை அழுத்திவிட்டுக் கை தட்டியது. நாலு கதவும் பூட்டிக்கொண்டன.

ஊரில் யார் வண்டி பூட்டிக்கொண்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இன்று அவர் யாரைக் கூப்பிடுவது? கருவிப் பை டிக்கியில். டிக்கிக்கும் அதே சாவிதான்.

வெயில் மண்டையைப் பிளந்தது. கடை வாசலில் கூட்டம் சேர்ந்து ஆளுக்கொரு யோசனை சொன்னது.

அதே மாடல் கார் வைத்திருந்த ஒருவர் தன் சாவியை நீட்டினார். அந்த நிலையிலும் சாவிக்காரருக்குக் கோபம் வந்தது.

"ஒரு வண்டிச் சாவி இன்னொண்ணுக்குச் சேரவே சேராது சார். பதினெட்டு வருஷமா இதுதான் என் பொழப்பு!"

வாடிக்கையாளர்களிடம் அடித்துச் சொல்வதும் இதைத்தான். தான் வெட்டித் தரும் ஒவ்வொரு சாவியின் கழுத்திலும் அரத்தால் இரண்டு கோடு இழுத்துவிடுவார். அது அவர் கைவேலைக்கு அடையாளம்.

கூட வந்திருந்த மனைவிக்கும் இந்த வண்டிக்கு ஒரு சாவி அப்படி வெட்டிக் கொடுத்திருந்தார். போன வருஷம் எங்கேயோ தொலைத்துவிட்டேன் என்றாள். அது இருந்திருந்தால் இந்தப் பாடு உண்டா என்று எல்லார் முன்னாலும் அவளைத் திட்டித் தீர்த்தார்.

அவள் குழந்தையையே பார்த்தபடி நின்றாள். பிறகு சற்றுத் தள்ளிப் போய் போன் செய்தாள். தீயணைப்புக்காரர்களுக்கு என்று நினைத்துக்கொண்டார்.

கல்லை எடுத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தையின் முகம். பின்கதவுக்கு ஓடினார். அதுவும் சீட்டில் ஏறி அங்கே வந்துவிட்டது. அப்பா விளையாடுகிறார் என்று அதற்கு ஒரே குஷி.

கொஞ்ச நேரத்தில் குஷி அடங்கியது. முடி நெற்றியில் ஒட்டிக்கொண்டது. கண் சொக்கி, கன்னம் கண்ணாடியில் சாய்ந்தது.

எந்தக் கண்ணாடியை உடைத்தாலும் சில்லு பிள்ளைமேல் தெறிக்குமே என்று, கல்லோடு உயர்ந்த கை இறங்க மாட்டேன் என்றது. சாவிக்காரர் வாய்விட்டு அழுதார்.

அப்போதுதான் ஒருவன் ஓடி வந்தான். எதிர்க் கட்டடத்திலிருந்து, காலில் செருப்புகூட இல்லாமல். யாரையும் பார்க்கவில்லை, எதையும் கேட்கவில்லை. நேராக வந்து கதவில் சாவியைப் போட்டுத் திருப்பினான். திறந்துகொண்டது.

யாரோ தண்ணீர் தெளித்தார்கள். குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டதும்தான் சாவிக்காரருக்கு உயிர் வந்தது.

மனைவி பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். வந்தவனும் தரையைத்தான் பார்த்தான்.

கதவிலேயே தொங்கிய சாவியைச் சாவிக்காரர் உருவினார். கழுத்தில் இரண்டு கோடு.

"சேரவே சேராதுன்னீங்களே, இது எப்படிங்க?" என்று கேட்டார் முன்பு தன் சாவியை நீட்டியவர்.

கூட்டம் மொத்தமும் அவர் வாயையே பார்த்தது. சாவிக்காரர் அந்தச் சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"பழைய வண்டி பாருங்க... சில சமயம் சேந்துடும்" என்றார்.