சாரதா தூக்காத கை

"கையத் தூக்கு சாரதா! எனக்கா, உங்கண்ணனுக்கா? இன்னிக்கே தெரிஞ்சிடட்டும்லா!"

நாகப்பன் போட்ட சத்தத்தில் கோயில் சாமி முனியாண்டியே ஒரு தரம் திரும்பிப் பார்த்திருப்பார்.

தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் ஞாயிறு பகலில் ஆட்கள் கூடினால் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சந்தேகப்பட மாட்டார், பூசை என்று நினைத்துக்கொள்வார். அதனால்தான் தடை செய்யப்பட்ட கம்யூனிஸ்ட் கட்சி, சாமியே இல்லை என்று சொல்லிக்கொண்டு, சாமி காலடியில் கூட்டம் போட்டிருந்தது. 1975-ல், மலேசியாவின் கேமரன் மலைக் கிளைக்குப் புதுச் செயலாளர் தேவைப்பட்டார்.

போட்டி இரண்டு பேருக்குள். ஒருவன் சாரதாவின் புருஷன் நாகப்பன். மற்றவன் அவள் கூடப்பிறந்த அண்ணன் வேலப்பன்.

"மொதல்ல காட்டுல துப்பாக்கியோட இருக்கற தோழருங்களுக்கு அரிசி போகணும், மருந்து போகணும். அவங்க செத்துட்டா நமக்கு ஏது கட்சி?" என்றான் நாகப்பன், வெற்றிலையை மென்றபடி.

"நாம குடியிருக்கற லயத்துல தண்ணிக் கொழா இல்ல, சம்பளம் பத்தல. மொதல்ல சங்கத்தைக் கட்டணும் மச்சான். சனங்க நம்மள நம்பலேன்னா, காட்டுல யாரு இருந்து என்ன?"

"பயந்தாங்கொள்ளி! வெள்ளக்கொடியப் புடிச்சிக்கிட்டு துரை பங்களாவுக்கே போயிடு!"

"உன் அவசரத்துக்கு நாங்கெல்லாம் லோக்காப்புல கெடக்கணுமா?"

சாரதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணன் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். புருஷன், கொழுந்து உருட்டும் மிஷினில் இரண்டு விரலைப் பறிகொடுத்தவன். அரிசி மூட்டை கட்டுவதானாலும் பல்லால் கடித்துத்தான் முடிச்சை இறுக்குவான். வெற்றிலைக் கறை இல்லாத முடிச்சு அவர்கள் வீட்டில் கிடையாது. இவர்களுக்குள்ளா இத்தனை பெரிய உலகம் என்று பிரமித்தாள். கூடவே பயமும் வந்தது. தோற்றவன் தன் ஆட்களோடு பிரிந்து போவான். கிளையும் உடையும், அவள் குடும்பமும் உடையும்.

மற்றவர்கள் கை தூக்கியதில் ஓட்டு சரிபாதியாக நின்றது. மிச்சம் இருந்தது அவள் கை மட்டும்தான்.

"நீங்களே முடிவு சொல்லுங்க தோழர்" என்று அவள் தங்கராஜுவிடம் கெஞ்சினாள்.

தங்கராஜு காட்டிலிருந்து வந்தவர். ஒரு காலத்தில் கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டியவர். இப்போது எலும்பும் தோலுமாகத் தூணில் சாய்ந்திருந்தார். அவரைப் பார்த்ததுமே அவளுக்குக் கும்பிடத் தோன்றியது. கட்சியில் அது கூடாது என்பதால் அடக்கிக்கொண்டாள்.

"நான் சொல்ல மாட்டேம்மா. காட்டுக்குள்ள எங்க கட்சி ஒடைஞ்சதே இப்படித்தான். யாரு தலைமைன்னு சண்டை. எவனும் விட்டுக்குடுக்கல. ஒரே சட்டியில சாப்பிட்டவங்க ஒருத்தர ஒருத்தர் சந்தேகப்பட்டோம். இங்கயாச்சும்…" இருமல் வந்து பேச்சை நிறுத்தியது.

பிறகு பழைய குருடி கதவைத் திறடி என்று மச்சான்கள் இருவரும் மறுபடி ஆரம்பித்தார்கள்.

"நிறுத்துங்க!" சாரதா எழுந்துவிட்டாள். "ஒரு பக்கம் தாலி கட்டினவரு, ஒரு பக்கம் கூடப்பொறந்தவரு. என் கைய வெட்டினாலும் தூக்க மாட்டேன். பூ கட்டிப் பாத்துடுவோம்."

"சாமி இல்லேங்கற கட்சியில பூவா?" என்று கத்தினான் நாகப்பன்.

தங்கராஜு சிரித்துவிட்டார். "சாமி வேணாம், பூ மட்டும் போதும். கட்டுங்க."

நாகப்பனுக்குச் சிவப்பு ரோஜா, வேலப்பனுக்கு வெள்ளை ரோஜா. எடுக்கிற பொட்டலத்தில் யார் பூவோ அவரே செயலாளர். அவரவர் பூவை அவரவரே பொட்டலம் கட்ட வேண்டும், ஏமாற்றிவிட்டார்கள் என்ற பேச்சு பிறகு வரக் கூடாது. கோயிலுக்குப் பின்னால் இரண்டு நிறச் செடியும் பூத்துக் கிடந்தன. ஆளுக்கொரு பேப்பர் துண்டும் நூலும் வாங்கிக்கொண்டு, ஒருவர் போய் வந்த பின் மற்றவர் போனார். இரண்டு பொட்டலமும் சாமி தட்டில் விழுந்தன.

தங்கராஜு கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். நூலை விட்டுவிட்டுப் பேப்பரைக் கிழித்தார்.

வெள்ளை ரோஜா.

வேலப்பன் பேயறைந்தவன்போல நின்றான். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

"சரிலா, நான் தோத்துட்டேன்!" நாகப்பன் அவன் முதுகில் ஓங்கித் தட்டினான். "இனிமே மச்சான் சொல்றதுதான். மொதல்ல சங்கம்."

"அரிசியும் போகும் மச்சான்" என்றான் வேலப்பன்.

தங்கராஜு இருவர் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியதைப் பார்த்து சாரதாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். கோயிலைக் கூட்ட அவள் மட்டும் நின்றாள். உடைய வேண்டியது உடையவில்லை. முனியாண்டிதான் காப்பாற்றினார். இன்று ஒரு நாள் கும்பிட்டால் கட்சி கோபித்துக்கொள்ளாது என்று நினைத்தபடி, வெள்ளை ரோஜா கிடந்த பேப்பரை எடுத்தாள்.

நூல் முடிச்சில் பல் பதிந்திருந்தது. வெற்றிலைக் கறை.

தட்டில் யாரும் பிரிக்காமல் விட்ட அண்ணனின் பொட்டலத்தைப் பிரித்தாள். கறையே இல்லாத முடிச்சுக்குள் சிவப்பு ரோஜா இருந்தது.

சாரதா சாமிக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். தேயிலைச் சரிவில், பனிக்குள் ஒன்றாக நடந்துபோன அந்த இரண்டு பேரையும் பார்த்து, அதுவரை தூக்காத கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள்.