வெள்ளைக் கோட்டு

ஆஸ்பத்திரி மாடிப்படியைச் சங்கிலியம்மாள் வேண்டுமென்றே விறுவிறுவென்று ஏறினாள்.

நேற்று ராத்திரி கருவாட்டுக் குழம்பு. காலையில் பழைய சோற்றுக்கு உப்பு மாங்காய், அதுவும் வழக்கத்தைவிட ரெண்டு துண்டு கூடவே. இன்றைக்குப் பிரஷர் ஏறியே ஆக வேண்டும்.

ஏறாமல் எங்கே போகும்? கம்பத்து டாக்டர் சுந்தர்ராஜ் முன்னால் அவள் கையை நீட்டினால் நூற்று எழுபதுக்குக் குறைந்ததே இல்லை. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை கோம்பையிலிருந்து பஸ் ஏறி வருவாள். டாக்டர் பிரஷர் பார்ப்பார், தலையை ஆட்டுவார், மாத்திரையை மாற்றி எழுதுவார். அவள் ஒன்றைக்கூட விழுங்கியதில்லை. விழுங்கி, பிரஷர் இறங்கித் தொலைத்தால்?

இந்தச் சோதனை நடக்கிற நேரத்துக்குத்தான் மேஜைமேல் இருக்கும் போன் அடிக்கும். மஸ்கட்டிலிருந்து மகன் ராக்கப்பன். வெள்ளிக்கிழமை அங்கே லீவு.

கோம்பையில் அவள் வீட்டில் போன் கிடையாது. போன் வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் தேனிக்குக் குடிபோய்விட்டார்கள். தாயும் மகனும் பேசிக்கொள்ள டாக்டர் மேஜையை விட்டால் வேறு இடமில்லை.

“எம்புட்டு ஆத்தா?” என்பான் எடுத்ததும். பிரஷரைத்தான் கேட்கிறான்.

நூற்று எழுபது என்றதும் பதறிப்போவான். உப்பைக் குறை, வெயிலில் அலையாதே, ஆட்டையெல்லாம் விற்றுப்போடு என்று ஏசுவான். ஏசட்டும். அந்த ஏச்சை வைத்துக்கொண்டு அவள் ஒரு மாதத்தை ஓட்டிவிடுவாள்.

எந்த மாத்திரைக்கும் மசியாத பிரஷரைப் பார்த்து டாக்டருக்குத்தான் சந்தேகம் வந்தது. மதுரையிலிருந்து ஒரு மெஷினை வரவழைத்தார். கையில் பட்டையைச் சுற்றி, பெட்டியை இடுப்பில் கட்டிவிட்டு, ஒரு பகலும் ராத்திரியும் வீட்டில் இருந்துவிட்டு வரச் சொன்னார். அரை மணிக்கொரு தரம் அதுவே கையை இறுக்கிப் பார்த்துக்கொள்ளுமாம். இறுக்கும்போது யாரிடமும் பேசக்கூடாது என்றார்.

அந்த வீட்டில் அவள் யாரிடம் பேசப் போகிறாள்?

மெஷின் காட்டிக்கொடுத்துவிட்டது. ஆடு மேய்க்கும்போது நூற்று இருபது. தூங்கும்போது அதற்கும் கீழே. இது டாக்டரைக் கண்டதும் வருகிற பிரஷர், வெறும் வெள்ளைக் கோட்டுப் பயம் என்று டாக்டர் சிரித்தார். மாத்திரையும் வேண்டாம், மாதாமாதம் வரவும் வேண்டாம் என்று போனில் ராக்கப்பனிடமும் சொன்னார். அவனும் நிம்மதியாகப் போனை வைத்தான்.

கோட்டுப் பயமாம். வேட்டைக்குப் போகிற கோம்பை நாயையே வெறும் கையோடு விரட்டுகிறவள் அவள்.

அதற்குப் பிறகும் முதல் வெள்ளிக்கிழமைகளில் வந்து பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். போன் அடிக்கத்தான் செய்தது. மருந்து கம்பெனிக்காரர்கள், டாக்டர் வீட்டு அம்மா. மகன் மட்டும் இல்லை. இனி அவனாகக் கூப்பிடுவான் என்ற நினைப்பே விட்டுப்போயிற்று. ஏறின பிரஷரைப் பார்த்துவிட்டு டாக்டரே மஸ்கட்டுக்குப் போன் போட்டால்தான் உண்டு.

அதற்காகத்தான் இன்றைக்கு வந்திருக்கிறாள். ஆனால் பெஞ்சில் காத்திருந்ததில் படியேறி வந்த மூச்சிரைப்பெல்லாம் ஆறிப்போயிருந்தது.

அவளைக் கண்டதும் டாக்டர் கோட்டைக் கழற்றிக் கதவில் மாட்டினார். “இன்னைக்கு இது இல்லாமப் பாப்போம்மா.”

பட்டை இறுகும்போது போன் அடித்தது. முன்பெல்லாம் அந்தச் சத்தத்துக்கு, ஏன், அது அடிக்கப்போகிறது என்ற நினைப்புக்கே, அவள் நெஞ்சு எகிறிக் குதிக்கும். இன்றைக்கு அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

நூற்று இருபது.

டாக்டர் சந்தோஷத்தில் மேஜையைத் தட்டினார். “நாஞ் சொன்னேன்ல? எல்லாம் இந்தக் கோட்டு செஞ்ச வேலை!”

சங்கிலியம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கருவாடும் கைவிட்டது, மாங்காயும் கைவிட்டது.

“அய்யா, அந்தக் கோட்ட மாட்டிக்கிட்டு இன்னொருக்காப் பாருங்கய்யா.”

வேடிக்கைக்குக் கேட்கிறாள் என்று நினைத்து டாக்டர் கோட்டை மாட்டிக்கொண்டார். பித்தான்களையும் போட்டார். பாதரசம் ஏறியது, இறங்கியது. அதே நூற்று இருபது.

டாக்டர் முகம் ஒரு கணம் குழம்பித் தெளிந்தது.

“பயம் விட்டுப்போச்சும்மா. இப்ப ஒங்களுக்கு வீட்டுலயும் இங்கனயும் ஒண்ணு போலத்தான் இருக்கு.”

“ஆமாய்யா,” என்றாள் சங்கிலியம்மாள். “ஒண்ணு போலத்தான் இருக்கு.”