அன்று விமானம் போகவில்லை

எட்டாவது வாய்தாவுக்கும் ஆறுச்சாமி பத்து மணிக்கே வந்துவிட்டார். நேரத்தோடு வந்தால்தான் நுகர்வோர் மன்றத்தில் சுவரோரத்துப் பெஞ்சு கிடைக்கும். முதுகைச் சாய்த்துக்கொள்ளலாம்.

போத்தனூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவதற்குள்ளேயே உடம்பு ஓய்ந்துவிடுகிறது. வக்கீல் வைக்கவில்லை. முப்பது வருஷம் மில்லில் ஃபிட்டராக இருந்தவனுக்குத் தனக்கு நடந்ததைத் தானே சொல்லத் தெரியாதா என்று ஆரம்பத்தில் நினைத்தார். இப்போது சொல்லிச் சொல்லி அது வேறு யாருக்கோ நடந்ததுபோல் ஆகிவிட்டது.

பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள்.

நடந்தது இதுதான். போன வருஷம் வைகாசியில் ஒரே மகள் கயல்விழிக்குப் பம்பாயில் கல்யாணம். மாலை ஆறு மணிக்கு. அன்று காலை பத்தரை மணி விமானத்துக்கு ஆறுச்சாமி டிக்கெட் எடுத்திருந்தார். வாழ்க்கையில் முதல் விமானம். ஒன்பது மணிக்கே பீளமேடு விமான நிலையத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். இறந்துபோன மனைவியின் வளையல்கள் துணியில் சுற்றி மடியில் இருந்தன.

பத்தரை பன்னிரண்டானது. பன்னிரண்டு இரண்டானது. போய்க் கேட்டபோதெல்லாம் கவுண்டரில் இருந்த பெண் இதோ கிளம்பிவிடும் என்றாள். சாப்பாடு இல்லை. போன் பண்ண வெளியே போனால் விமானம் கிளம்பிவிடுமோ என்று பயந்து வாசல் பக்கம்கூடப் போகவில்லை.

நாலரை மணிக்கு ரத்து என்றார்கள்.

விமானக் கம்பெனி வக்கீல் கோவிந்தராஜுலு இதில் எதையும் மறுக்கவில்லை. டிக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருக்கின்றன, பயணி அதற்கு ஒப்புக்கொண்டுதான் ஏறுகிறார், டிக்கெட் பணமும் அன்றைக்கே திருப்பித் தரப்பட்டது என்று ஏழு வாய்தாவாகச் சொன்னதையே சொன்னார். கடைசியில் குரலை இறக்கி, மனிதாபிமான அடிப்படையில் பம்பாய்க்குப் போய்வர இரண்டு இலவச டிக்கெட் தரக் கம்பெனி தயார் என்றார்.

மன்றத் தலைவர் ஆறுச்சாமியைப் பார்த்தார். நல்ல விஷயம்தானே, போய் மகளைப் பார்த்துவிட்டு வரலாமே என்றார்.

"டிக்கெட் வேண்டாமுங்க. அன்னைக்குப் பிளேன் போகலை, நான் சாயங்காலம் வரைக்கும் அங்கியேதான் உக்காந்திருந்தேன்னு கம்பெனி சீல் வெச்சு ஒரு காயிதம் குடுத்தாப் போதுமுங்க."

கோவிந்தராஜுலு யோசித்தார். டிக்கெட் கொடுப்பது எளிது. எழுதிக் கொடுத்தால் அன்றைக்குக் காத்திருந்த மற்றவர்களும் அதைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். கம்பெனி சம்மதிக்காது என்றார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நடந்தது உண்மைதானே, உண்மையை எழுதித் தருவதில் என்ன கஷ்டம் என்று கேட்டார். இரண்டு மணிக்குள் கடிதம் வரவேண்டும், இல்லாவிட்டால் உத்தரவாகவே போடுகிறேன் என்றார் தலைவர்.

கடிதம் மூன்று மணிக்கு வந்தது. ஆறுச்சாமி அதை வரிவரியாகப் படித்தார். பெயர், தேதி, போர்டிங் கார்டு எண், ஒன்பது மணி முதல் நாலரை வரை. சீல் பாதி மங்கலாக விழுந்திருந்தது. இன்னொரு முறை அழுத்தி வைத்துத் தரச் சொன்னார். வைத்துத் தந்தார்கள்.

மன்றத்து உறுப்பினர் சாஜிதா பேகம் மட்டும் அவர் கிளம்பும்போது வராந்தாவில் நிறுத்தினார்.

"ஏனுங்க, பெத்த அப்பா நீங்க வாயால சொன்னா உங்க பொண்ணு நம்ப மாட்டாங்களா?"

ஆறுச்சாமி சிரிக்கப் பார்த்தார். காயிதம் இருந்தால் நல்லது என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு விமான நிலையத்து வாசலில் இருந்த பூத்திலிருந்து மகளுக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொன்னார். "சரிங்கப்பா" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் போனுக்கு வருவதில்லை. கடிதங்களுக்குப் பதில் இல்லை. ஒரே ஒரு முறை மாப்பிள்ளை ரூபன் பேசினான். இப்போதைக்கு வரவேண்டாம் மாமா என்றான்.

தபாலாபீசில் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினார். கவுண்டரில் உறையை நீட்டிவிட்டு, கையை உடனே எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார்.

சாஜிதா பேகத்திடம் அவர் சொல்லாதது ஒன்று இருந்தது.

கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்னால் பம்பாயிலேயே நிச்சயதார்த்தம். வேறு மதத்துப் பையன் என்று முகம் கொடுக்காமல் இருந்தவர், மகள் அழுததைக் கேட்டு, ரயிலில் வாரேன் கண்ணு என்று வாக்குக் கொடுத்திருந்தார். புறப்படும் நாளில் மனசு வரவில்லை. வீட்டிலேயே படுத்துக் கிடந்தார். மறுநாள் சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டு, வண்டியையே ரத்து பண்ணிப்போட்டாங்க என்றார்.

கயல்விழி அப்போதுதான் தாதர் ஸ்டேஷனிலிருந்து திரும்பியிருந்தாள். சரியான நேரத்துக்கு வந்து நின்ற அந்த வண்டியின் கடைசிப் பெட்டியும் காலியாகும் வரை நின்று பார்த்துவிட்டு.