அண்ணன் சொன்ன பார்

நகரத்தின் நட்டநடுவில் உருப்படியான பார் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக அண்ணன் சாகும்வரை பீற்றிக்கொண்டிருந்தார். வழி மட்டும் சொல்லவே இல்லை. "சும்மா சொன்னா அருமை தெரியாதுடா, தேடி வா" என்பார்.

அவர் செத்த மறு வருடம், ஒரு சாயங்காலம், தம்பி தேடிப் புறப்பட்டான். ஒரு பாரில் பாட்டு காதைக் கிழித்தது. இன்னொன்றில் மேஜை பிசுபிசுத்தது. வெறுத்துப்போய்த் திரும்பும்போதுதான் செருப்புக் கடைக்கும் வங்கிக்கும் நடுவே அந்தக் குறுகிய கதவு கண்ணில் பட்டது.

உள்ளே டிவி இல்லை. கிளாஸ்கள் பளபளத்தன. எல்லோரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். பச்சைச் சுவரில் ஒரு பிரஷ் கோடுகூடத் தெரியவில்லை. பெயிண்டரான அண்ணனுக்கு இந்த இடம் பிடித்ததில் ஆச்சரியமே இல்லை. மனுஷன் ரசனைக்காரர்தான் என்று தம்பி மனதுக்குள் சபாஷ் போட்டான்.

பார்க்காரர், அவன் வாய் திறக்கும் முன்பே, ஜன்னலோர மேஜையைக் காட்டினார். அங்கே பாதி குடித்த பீர் இருந்தது. நுரை இன்னும் அடங்கவில்லை. கிளாஸில் பச்சை பெயிண்ட் விரல்தடம் ஈரமாக இருந்தது.

"இங்க யாரோ இருக்காங்க போலயே?"

"உங்க அண்ணன்தான். பெயிண்ட் கையோட குடிக்கிறாரேன்னு நான்தான் கை கழுவ அனுப்பினேன். உட்காருங்க, வந்துடுவாரு."

உள்ளே எங்கேயோ ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது.