கத்தாத குழாய்

"சார், உங்க குழாய் மறுபடியும் கத்துது."

கீழ்வீட்டம்மாவின் போன். மேல்வீட்டுக் கண்ணாடிக்கடைக்காரர் அப்போதுதான் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"அங்க வரைக்குமா கேக்குதும்மா?"

"தெருவுக்கே கேக்குது. என்னிக்குத்தான் மாத்தப் போறீங்க?"

"மாத்திடறேம்மா."

"தினமும் இதைத்தான் சொல்றீங்க." போனை வைத்துவிட்டார் அந்தம்மா.

நீங்களும் தினமும் இதைத்தானே சொல்கிறீர்கள் என்று வாய் வரை வந்ததை முழுங்கிக்கொண்டார்.

குழாய் கத்துவது உண்மைதான். ஷவர் வால்வுக்கு வயசாகிவிட்டது. திருப்பினால் ஊளையிடும். குளியல் தொட்டிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த குழாயின் குமிழைத் தூக்கினால், தண்ணீர் ஷவருக்கு ஏறுவதற்குள் சுவருக்குள்ளேயே ஒரு பாட்டம் அழுது தீர்க்கும். மனைவி போய்ச் சேர்ந்து, மகளும் வெளியூரில் குடித்தனமான பிறகு, அந்த வீட்டில் வாய் திறந்து பேசுவது அது ஒன்றுதான். அதற்கும் ஒரு புகார்.

முன்பெல்லாம் அந்தம்மா எப்போதாவதுதான் சொல்வார். போன மழைக்காலத்திலிருந்துதான் இப்படித் தினப்படி ஆகிவிட்டது. அப்போது இவர் காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். சாயங்காலம் வேலை முடிந்து வந்த அந்தம்மா நேராக மேலே ஏறி வந்து, "என்ன சார், காலைல குழாய் கத்தவே இல்ல?" என்று கேட்டார். மருந்து வாங்கிக் கொடுத்தார்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் கத்தினாலும் குற்றம், கத்தாவிட்டாலும் குற்றமா என்று இவருக்கு வயிறெரிந்தது.

போதும், இதற்கு ஒரு முடிவு கட்டிவிடலாம். அந்தம்மா வேலைக்குக் கிளம்பிப் போனதும் பிளம்பரை வரவழைத்தார். நாளைக் காலை கீழ்வீட்டில் குறை சொல்ல வாய்ப்பே கிடைக்காமல் முழிக்க வேண்டும். அந்தக் காட்சியை நினைத்தாலே இனித்தது.

பிளம்பர் மெயினை அடைத்துவிட்டு, பழைய வால்வைச் சுவரிலிருந்து பிடுங்கி எடுத்தார்.

"உள்ள எல்லாம் தேஞ்சு மாவாயிடுச்சு சார். இதை வெச்சுக்கிட்டா இத்தனை நாள் குளிச்சீங்க?"

"கீழ்வீட்ல கேளுங்க, கதை கதையா சொல்வாங்க."

புது வால்வு உட்கார்ந்தது. தொட்டிக் குழாயும் கழன்று வந்தது. மரையில் வெள்ளை டேப் சுற்றி, புதுக் குழாயை முறுக்கிவிட்டுத் திறந்தார் பிளம்பர். தண்ணீர் விழுந்தது, அவ்வளவுதான். ஊளையும் இல்லை, அழுகையும் இல்லை.

"பழசை எடுத்துட்டுப் போயிடட்டுமா சார்?"

"வால்வை எடுத்துக்குங்க. அந்தக் குழாய் மட்டும் இருக்கட்டும். ஒருத்தங்க மூஞ்சிக்கு நேரா காட்டணும்."

மறுநாள் காலை ஷவருக்கடியில் ராஜா மாதிரி நின்றார். வெந்நீர் சத்தம் போடாமல் தோளில் வழிந்தது. ஹாலில் போன் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டார். மறுபடி அடித்தது. இன்றைக்கு என்ன புகார், தண்ணீர் மெதுவாக விழுகிறது என்றா?

சற்று நேரத்தில் வாசல் கதவு இடிபட்டது.

துண்டைச் சுற்றிக்கொண்டு, சாட்சிக்குப் பழைய குழாயையும் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார். தலைகூட வாராமல் அந்தம்மா. பின்னால் அவர் கணவர், கையில் சுத்தியலும் ஸ்க்ரூ டிரைவருமாக.

"பாருங்கம்மா, மாத்தியாச்சு. இப்போ என்ன குறை?"

அந்தம்மா குழாயைப் பார்க்கவே இல்லை. இவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். பிறகு அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மாத்தினா ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களாண்ணே?"

இத்தனை வருஷமும் சார்தான். அண்ணே என்பது இன்றைக்குத்தான்.

கணவர் சுத்தியலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "குழாய் சத்தமும் வரல, போனையும் எடுக்கலன்னதும் பூட்டை உடைக்கணும்னு என்னை இழுத்துட்டு வந்துட்டாங்க. சத்தம் கேட்டு, உங்க குரலையும் ஒரு தடவை கேட்டாத்தான் இவங்களுக்கு வேலைக்கே கால் நகரும். அன்னிக்குச் சத்தம் வரலன்னு தெரிஞ்சும் வேலைக்குக் கிளம்பிப் போயிட்டேனே, சாயங்காலம் வரைக்கும் காய்ச்சலோட தனியா கிடந்தாரேன்னு இன்னும் சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போறாங்க."

இவருக்குக் கையிலிருந்த குழாயை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"உள்ள வாங்கம்மா. டீ போடறேன்."

"முதல்ல போய்ச் சட்டையைப் போடுங்க," என்றார் அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அடுத்த நாள் காலை குளித்து முடித்ததும், பழைய குழாயால் சுவரோரப் பைப்பில் டங் டங்கென்று தட்டினார். உடனே போன் அடித்தது. இந்த முறை ஓடிப் போய் எடுத்தார்.

"அண்ணே, காலங்காத்தால என்ன இது? தெருவுக்கே கேக்குது."

"நிறுத்திடறேம்மா," என்று சொல்லிவிட்டு, நாளைக்கும் வேண்டுமே என்று அந்தக் குழாயைத் தொட்டி ஓரமாகக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தார்.