புகைக்கூண்டின் இருமல்

ஒரு மலைவீட்டில் விறகடுப்பும் புகைக்கூண்டும் ஒன்றாகக் குடியிருந்தன. சில நாட்களாகப் புகை மேலே போகாமல் வீட்டுக்குள்ளேயே திரும்பி வந்தது.

"இந்த அடுப்பு சரியில்லை. நாளைக்கே இடிச்சிடணும்!" என்றாள் வீட்டுக்காரி கோமளா, கண்ணைக் கசக்கிக்கொண்டு.

புகைக்கூண்டுக்குத் திக்கென்றது. தன் தொண்டையைப் புகைக்கரி அடைத்திருப்பதை வெட்கப்பட்டு அது யாரிடமும் சொல்லவில்லை.

"பழி உன்மேல விழுதே, ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கலை?" என்று அடுப்பிடம் கேட்டது.

"நீயே முடியாம இருக்கே. இதுல நான் வேறயா?"

அதற்குமேல் புகைக்கூண்டுக்குப் பொறுக்கவில்லை. மூச்சைப் பிடித்து ஓங்கி இருமியது. கரிக்கட்டிகள் பொலபொலவென்று அடுப்பின் தலையில் கொட்டின.

"அட, அடைப்பு மேலேயா இருக்கு!" என்ற கோமளா, மூங்கில் கழியில் தேங்காய்நாரைக் கட்டிவந்து கூண்டைச் சுத்தம் செய்தாள். தீ நிமிர்ந்து எரிந்தது.

முகமெல்லாம் கரியோடு அடுப்பு மேலே பார்த்துக் கேட்டது: "இப்ப நல்லா மூச்சு விட முடியுதா?"